பரந்தன்: ஒரு சந்தி ஊரின் சமூக உருவாக்கம்

ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் எம்மிடையே பெரும்பாலும் கோயிலிலிருந்தோ, துறைமுகத்திலிருந்தோ, அரசிருக்கையிலிருந்தோ தொடங்குவர். நல்லூருக்கு அரசிருக்கை உண்டு. மாதோட்டத்துக்குத் துறையும் பாடல்பெற்ற தலமும் உண்டு. ஊர்காவற்றுறைக்குக் கடற்கோட்டை உண்டு. பரந்தனுக்கு இவற்றுள் யாதும் இல்லை. தலபுராணமோ, செப்பேடோ, வையாபாடல் போன்ற நூல்களில் விரித்துரைக்கப்படும் வன்னிமைப் பெருமையோ அதற்கு வாய்க்கவில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், கிளிநொச்சிக்கு வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில், கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே பூநகரிக்கும் வீதிகள் பிரியும் ஒரு சந்தியே பரந்தன். இத்தகைய ஊருக்கு வரலாறு ஏது என்று கேட்பாருளர். இருபதாம் நூற்றாண்டில் வடமாகாணத் தமிழர் சமூகம் எவ்வெவ்வாறு மாற்றமுற்றது என்பதை நல்லூரிலும் பார்க்கப் பரந்தனிலேயே தெளிவாகக் காணலாம் என்பது எமது கருத்து.

ஆங்கில நாட்டு வரலாற்றாசிரியர்கள் இவ்வகை ஊர்களைப் புறக்கணிப்பதில்லை. இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குரொய்டன் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கன்ரபரிப் பேராயரின் கோடைகால மாளிகை அமைந்திருந்த ஒரு சந்தையூர் அது. 1803இல் குதிரைகள் இழுத்த இரும்புப் பாதை அவ்வூருக்கு வந்தது. 1839இல் நீராவிப் புகையிரதம் வந்தது. அதன்பின் தலைநகரில் வேலைபார்த்து இரவில் வீடு திரும்புவோரின் குடியிருப்பாக அது விரிந்தது. 1920 முதல் 1959 வரை இலண்டனின் விமான நிலையமும் அங்கேயே இருந்தது. இன்று ஏறத்தாழ 390,000 மக்கள் வாழும் அவ்வூர் 'நகரம்' என்னும் பட்டத்தை 2000, 2002, 2012 ஆகிய ஆண்டுகளிற் கேட்டும் பெறவில்லை. பெருநகரொன்றின் நிழலில் வளரும் ஊர் தன் பெயரைத் தானே நிலைநாட்ட முடியாது தவிக்கும் நிலை இது. அளவில் இரண்டும் மலையும் மடுவும் போன்றவை. எனினும், பாதை ஊரை உண்டாக்குகின்றது. அயலிலுள்ள பெரிய ஊர் அதன் அடையாளத்தை விழுங்குகின்றது. அரசின் ஏடு அவ்வூரை ஒரு பெயராற் சுட்ட, வாழ்வோர் வேறொன்றாக அறிகின்றனர். இம்மூன்றும் பரந்தனுக்கும் பொருந்துவன. குரொய்டனைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

பரந்தன் என்னும் பெயர் நிலத்தின் பரப்பைச் சுட்டியெழுந்தது எனக் கொள்வதே இயல்பானது. தெற்கே இரணைமடுவின் காட்டோரத்திலிருந்து வடக்கே ஆனையிறவுக் கடனீரேரி வரை நிலம் மெல்லச் சரிந்து சமவெளியாக விரிகின்றது. கனகராயன் ஆறும் அதன் கழிவு வாய்க்கால்களும் இவ்வெளியைக் கடந்தே கடனீரேரியைச் சேர்கின்றன. தெற்கிலிருந்து நன்னீர் வருகின்றது. வடக்கிலிருந்து உவர் ஏறுகின்றது. இவ்விரண்டும் சந்திக்கும் விளிம்பில் ஊர் அமைந்துள்ளது. நெல்லும் உப்பும் பரந்தனின் இரு பொருளியல் அடிப்படைகளாக அமைந்தமை இவ்விளிம்பு நிலையின் விளைவேயாகும்.

இப்பகுதியில் மனித சஞ்சாரம் புதியதன்று. இரணைமடுவைச் சூழ்ந்த சரளைப் படிவுகளிற் கற்காலக் கருவிகள் கிடைத்துள்ளன. இலங்கைத் தொல்லியலில் 'இரணைமடு உருவாக்கம்' என்பது ஒரு படிவ வகையின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. பூநகரிப் பகுதியிற் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் மேற்கொண்ட ஆய்வுகளும் இப்பெருநிலப்பரப்பின் தொன்மையை உறுதிப்படுத்துவன. ஆயினும் இத்தொன்மைக்கும் இன்றைய பரந்தனுக்கும் இடையே தொடர்ச்சியான குடியிருப்பு இருந்ததெனக் காட்ட முனைவது வீண் முயற்சி. வன்னியில் ஊர்கள் குளங்களோடு பிறந்து குளங்களோடு மறைந்தன. அணைக்கட்டு உடைந்தால் ஊர் காடாகும். திருத்தினால் காடு ஊராகும்.

மத்திய காலத்தில் இவ்வழி யானைகளின் வழியாகவே பெயர்பெற்றது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழங்குறைந்த கடனீரேரியூடாக யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கடல்கடந்து விற்கப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயர் அவ்வணிகத்தின் எச்சம். ஒல்லாந்தர் அங்கே கோட்டை அமைத்தமை, இக்கணவாயைக் கட்டுப்படுத்துவோரே வடக்கையும் வன்னியையும் பிரிக்கவோ இணைக்கவோ வல்லவர் என்பதை அறிந்தமையாலேயே. அவர்கள் கண்ட அதே உண்மை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எத்துணைக் கொடிய வடிவில் மீண்டது என்பதை நாம் அறிவோம். வன்னிமைகளின் இறுதி எதிர்ப்பான பண்டாரவன்னியனின் போர் 1803இல் முடிவுற்றது. குரொய்டனுக்கு இரும்புப் பாதை போடப்பட்ட அதே ஆண்டு. ஆங்கிலேயர் உள்நாட்டில் இரும்பை நட்ட ஆண்டில் வன்னியில் வெடிமருந்தைப் பயன்படுத்தினர் என்று கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எஞ்சிய பகுதியில் வன்னி நிருவாகத்தின் புறக்கணிப்புக்கு உள்ளாயிற்று. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸ் என்பாரின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், உடைந்த குளங்களையும் அருகிய மக்கள்தொகையையும் காய்ச்சலையும் பதிவுசெய்யும் ஒரு துயரப் பட்டியலாகவே எமக்குத் தோன்றுகின்றது.

புகையிரதம் இந்நிலையை மாற்றிற்று. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பணியேற்க வந்த லெனார்ட் வூல்வ் என்னும் இளம் ஆங்கில அதிகாரி அநுராதபுரத்திலிருந்து காட்டினூடாகத் தபால் வண்டியில் வரவேண்டியிருந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் கொழும்பிலிருந்து வடக்கே நேரே புகையிரதம் ஓடத் தொடங்கியது. பாதை பரந்தனூடாகச் சென்றது. பரந்தனுக்கு ஒரு நிலையமும் கிடைத்தது. நிலையம் வந்ததும் ஊர் எழுந்ததென எண்ணுதல் தவறு. குரொய்டனிற் புகையிரதம், முன்னரேயிருந்த மக்களை நகர்த்தியது. பரந்தனிலோ ஏற்றி இறக்குதற்கு மக்களே அரிது. தண்டவாளம் வந்து சில தசாப்தங்கள் கழிந்த பின்னரே நீர் வந்தது. நீர் வந்த பின்னரே மக்கள் வந்தனர்.

அந்நீரின் வரலாறு இரணைமடுவின் வரலாறாகும். இரண்டு மடுக்கள் இரணையாக அமைந்திருந்த இடத்தில், கனகராயன் ஆற்றை மறித்துப் பெருங்குளம் அமைக்கும் எண்ணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் முன்வைத்தார். 1902இல் வேலை தொடங்கியது. 1920 அளவிலேயே நிறைவுற்றது. பின்னர் பலமுறை அணை உயர்த்தப்பட்டு, இன்று ஏறத்தாழ 20,000 ஏக்கர் வயல்கள் இக்குளத்தை நம்பியுள்ளன. குளம் நிறைவேறியும் குடிகள் விரைந்து வரவில்லை. மலேரியாக் காய்ச்சலின் அச்சம் அத்தகையது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வன்னிக்கு விதைப்புக் காலத்தில் வந்து, அறுவடை முடிந்ததும் நெல்லோடு திரும்புவானேயன்றிக் குடும்பத்தோடு தங்கத் துணியான்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இவ்வகையில் ஒரு திருப்பம். குடாநாட்டின் நிலநெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் பரிகாரமாக 1930களின் நடுப்பகுதியிற் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. பரந்தன் பகுதியும் அதன் விரிவில் அடங்கியது. 1940களின் நடுவிலிருந்து டீ.டீ.ரீ. தெளிப்பு மலேரியாவை ஒடுக்கியதும், காட்டை வெட்டிக் களனியாக்கும் வேலை வேகங்கொண்டது. முரசுமோட்டை, கண்டாவளை, குமரபுரம், உமையாள்புரம் என்னும் பெயர்கள் ஒரே வெளியின் அடுத்தடுத்த முகங்களாயின. பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் தாமரைச்செல்வி இக்குடியேற்ற வரலாற்றைப் 'பச்சை வயல் கனவு' என்னும் நாவலாக்கியுள்ளார். காடுவெட்டிய தலைமுறையின் உழைப்பை அரசாங்க அறிக்கைகள் ஏக்கர்க் கணக்கிலேயே அறியும். அவ்வுழைப்பின் மானிட வடிவத்தை நாவலே காத்து வைத்திருக்கின்றது. இதனால் இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத் தயங்கும் ஆய்வாளரும் பரந்தனைப் பொறுத்தவரை அதனைப் புறந்தள்ள இயலாது.

குடியேற்றம் என்றதும் சமத்துவமான கமக்காரர் சமூகமொன்று தோன்றியதெனக் கற்பனை செய்தலாகாது. காணிகள் பல வகையின. வறிய குடியேற்றவாசிகளுக்குச் சிறு துண்டுகள் வழங்கப்பட்டன. மத்திய வகுப்பினருக்குப் பெருந்துண்டுகள் வேறாக ஒதுக்கப்பட்டன. இப்பின்னையோருட் பலர் யாழ்ப்பாணத்தில் உத்தியோகமோ வியாபாரமோ செய்துகொண்டு, பரந்தனில் வயலை வைத்திருந்தனர். வயலில் நின்றவன் குத்தகைக்காரன் அல்லது கூலியாள். குடாநாட்டின் சாதியொழுங்கும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்தது. ஆயினும் இங்கே அதன் பிடி சற்றுத் தளர்ந்தது என்பதையும் கூறவேண்டும். கோயிலுரிமையும் கிணற்றுரிமையும் நூற்றாண்டுகளாக இறுகிப்போன ஊரொன்றிற்கும், எல்லோரும் ஒரே தசாப்தத்தில் வந்திறங்கிய வாய்க்கால் கரைக்கும் வேறுபாடு உண்டு. வாய்க்கால் நீர் முறைப்படி திறக்கப்படுவது. அம்முறையைக் கமக்காரர் அமைப்பும் நீர்ப்பாசனப் பகுதியும் தீர்மானித்தன. நீரின் பங்கீடு பிறப்பாலன்றி மதகின் இலக்கத்தால் அமைந்தமை ஒரு சிறிய புரட்சியே. ஆனாற் கடைமடையிலுள்ள வயலுக்குச் சிறுபோகத்தில் நீர் எட்டாமற் போவதும் அம்முறையின் பகுதியேயாகும். பரந்தன் வடக்கெல்லையில், அதாவது வாய்க்காலின் வாற்பகுதியில் இருப்பது. காலபோகம் மழையோடு கைகொடுத்தாலும், சிறுபோகம் அங்கே எப்பொழுதும் ஐயத்துக்குரியது.

கட்டளைச் சட்டத்திலேயே இன்னொரு சிக்கலும் பொதிந்திருந்தது. அனுமதிப்பத்திரக் காணியை விற்கவோ விரும்பியவாறு ஈடுவைக்கவோ துண்டாடவோ இயலாது. பின்னுரிமை ஒருவருக்கே செல்லும். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து ஆண்மக்களுக்கு முதன்மை அளிக்கும் அட்டவணையும் அதில் இருந்தது. நிலம் சிதறாது காத்தல் சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் நிகழ்ந்தது யாது? ஐந்து பிள்ளைகள் பெற்ற குடியேற்றவாசியின் வீட்டில் ஒருவனுக்கே காணி. ஏனைய நால்வர் அடுத்த தலைமுறையிற் காணியற்றோர். அவர்களே சந்திக்கு வந்தனர். சைக்கிள் திருத்தும் கடை, அரிசி ஆலை, தேநீர்க்கடை, உழவு இயந்திரம் வாடகைக்கு விடுதல், பஸ் நடத்துநர் வேலை எனச் சந்தி பெருத்தது. பரந்தன் சந்தியின் வளர்ச்சியை வணிக ஊக்கத்தின் விளைவாக மட்டும் காண்போர், அதன் பின்னாலுள்ள இக்காணிச் சட்டத்தைக் காணத் தவறுகின்றனர் என்க.

இனி இரசாயனத் தொழிற்சாலைக்கு வருவோம். பரந்தனின் பெயரை இலங்கை முழுவதும் அறியச் செய்தது அதுவே. சுதந்திரத்தின்பின் 1948இலிருந்து 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயர், காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் கடதாசி, பரந்தன் இரசாயனம் ஆகிய மூன்று முயற்சிகளோடும் இணைத்துப் பேசப்படுவது. 1950களின் நடுப்பகுதியில் தொழிற்சாலை உருப்பெற்றது. 1957ஆம் ஆண்டின் அரசாங்கக் கைத்தொழிற் கூட்டுத்தாபனங்கள் சட்டத்தின் கீழ்ப் பரந்தன் இரசாயனக் கூட்டுத்தாபனமாக இயங்கிற்று. இவ்விடம் தெரிவானமைக்கு அரசியல் மட்டுமே காரணமன்று. உப்புக் கரைசலினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தினாற் கோஸ்ரிக் சோடாவும் குளோரீன் வாயுவும் ஐதரசனும் பெறப்படும். 100 தொன் கோஸ்ரிக் சோடாவைப் பெற ஏறத்தாழ 146 தொன் தூய உப்பு வேண்டும். அதனோடு தவிர்க்கவியலாது 89 தொன் அளவிற் குளோரீனும் பிறக்கும். மூலப்பொருள் இத்துணைப் பெருமளவில் வேண்டப்படுவதால், ஆனையிறவு உப்பளத்தை அணைத்தாற்போல் தொழிற்சாலை அமைந்தமை பொருளியல் நியாயமுடையதே. உப்பும் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் அருகே இருந்தன. மின்னாற்றலோ இவ்வெளியில் விளையும் பொருளன்று. அது பிறவிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

விளைபொருள்களின் பயணத்தை நோக்கினால் அக்காலத் தேசியப் பொருளியற் கொள்கையின் உள்நோக்கம் புலப்படும். கோஸ்ரிக் சோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் துணிக்கும் வேண்டியது. குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்க வேண்டியது. ஆனையிறவின் உப்பு பரந்தனிற் சோடாவாகி, நாட்டின் பிற கூட்டுத்தாபனங்களை நோக்கிச் செல்லவேண்டும். வடக்கும் கிழக்கும் தெற்கும் ஒரே உற்பத்திச் சங்கிலியின் கண்ணிகளாக வேண்டும். இறக்குமதியைத் தவிர்க்கும் கைத்தொழிலாக்கம் என்று பொருளியலாளர் கூறும் இக்கொள்கையின் குறைபாடுகள் பல; கூட்டுத்தாபனங்களின் ஊழலும் நட்டமும் யாவரும் அறிந்தவை. ஆயினும் ஒரு நாட்டின் பகுதிகள் ஒன்றையொன்று பண்டத்தாற் பிணைத்துக்கொள்ளும் முயற்சி அதில் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அப்பிணைப்பு அரசியலிற் காணப்படவில்லை.

ஊரின் சமூகவியலிலும் தொழிற்சாலை புதிய வகுப்பொன்றைப் படைத்தது. மாதச் சம்பளம், மாற்றுமுறை வேலை, விடுதி, தொழிற்சங்கம் என்பன மழையையும் மதகையும் எதிர்நோக்கி வாழ்ந்த ஊருக்குப் புதியன. பருவத்தால் அளந்த காலம் சங்கொலியால் அளக்கப்பட்டது. பிற மாவட்டத்தாரும் பிற மொழியினரும் பணிநிமித்தம் வந்தனர். எனினும் தொழிற்சாலை, சூழவிருந்த கமத்தோடு ஆழமான உறவு கொள்ளவில்லை. உப்பை ஆனையிறவிலிருந்து பெற்றுச் சோடாவைத் தெற்கே அனுப்பியது. வயலுக்கும் அதற்கும் இடையே கொடுக்கல் வாங்கல் கூலியளவில் நின்றது. வெளியிலிருந்து நடப்பட்ட கைத்தொழில் வேரோடாமற் போவதற்கு இது ஒரு பாடப்புத்தக உதாரணம் எனலாம்.

1970 முதல் 1977 வரையிலான ஐக்கிய முன்னணி ஆட்சியின் இறக்குமதித் தடை, வன்னியின் மிளகாய், வெங்காயச் செய்கைக்கு வரலாறு காணாத விலையைத் தந்தது. விசுவமடு முதலிய இடங்களிற் படித்த இளைஞர் குடியேற்றங்கள் செழித்தன. அவ்விளைபொருள் சந்தைக்குச் செல்லும் வாசல் பரந்தன் சந்தி. லொறிகள் இரவிரவாக நின்ற காலம் அது. 1977இன் திறந்த பொருளாதாரம் அவ்வாசலை ஒரே பருவத்தில் வெறிச்சோடச் செய்தது.

அதே காலத்தில் மற்றொரு மக்கட்கூட்டம் வந்து சேர்ந்தது. 1970களின் நடுவிலே தோட்டங்களைத் தாக்கிய பட்டினியாலும், 1977இன் வன்செயல்களாலும் மலையகத்தை விட்டகன்ற தமிழ்த் தொழிலாளர், வவுனியா தொடக்கம் பரந்தன், தருமபுரம் வரை பரந்து குடியமர்ந்தனர். வயற்கூலி அவர்கள் கைக்கு மாறிற்று. இவ்விடத்து ஒரு வரலாற்று முரணைச் சுட்டாது செல்லவியலாது. பரந்தன் தொழிற்சாலையின் தந்தையெனப் போற்றப்படும் அமைச்சர், 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அமைச்சரவையில் அமர்ந்திருந்தவர். தமிழ்க் காங்கிரஸ் உடைந்து தமிழரசுக் கட்சி பிறந்தமைக்கு அதுவும் காரணமாயிற்று. நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களின் பிள்ளைகள், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர், அத்தொழிற்சாலையின் புகைபோக்கி தெரியும் வயல்களில் நாட்கூலிக்கு நின்றனர். அவர்களை வரவேற்றோம் என்று பெருமை கூறுவோர், காணி உறுதியின்றி வாய்க்காற் கரையிலும் ஒதுக்குக் காணியிலும் அவர்கள் எத்துணை ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

1984 பெப்ரவரியில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. கச்சேரியும் திணைக்களங்களும் கிளிநொச்சியில் அமைந்தன. அதுவரை ஏறக்குறைய இணையாக நின்ற இரு ஊர்களுள் ஒன்று தலைநகராகவும் மற்றது அதன் வடபுறச் சேரியாகவும் மாறத் தொடங்கிய தருணம் அதுவே. மறு ஆண்டு, 1985இல், நாட்டின் நிலைமை காரணமாகத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. ஒன்று அதிகாரத்தை எடுத்துச் சென்றது, மற்றது சம்பளத்தை. விந்தை யாதெனில், தொழிற்சாலை நின்ற பின்னரும் 'பரந்தன்' என்னும் பெயர் தாங்கிய அரசுடைமைக் கம்பனி கொழும்பில் இயங்கிக் குளோரீனை இறக்குமதி செய்து விற்றது. உற்பத்தி செய்த ஊர் பாழடைந்து கிடக்க, அதன் பெயர் மட்டும் உருளைகளில் ஒட்டப்பட்டு நாடெங்கும் சென்றது.

போர்க்காலத்தை விரித்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஊரின் உருவத்தை அது மாற்றிய அளவில் மட்டும் நோக்குவோம். 1990 யூனில் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், ஊரியான், கொம்படி வழியே சேற்றிலும் உவர்நீரிலும் நடந்தும், பின்னர் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தும் மக்கள் போக்குவரத்துச் செய்தனர். நெடுஞ்சாலைச் சந்தியாகப் பிறந்த ஊர், நெடுஞ்சாலையே இல்லாத காலத்திற் சேற்றுப்பாதையின் தலைவாசலாயிற்று. 1996 யூலையில் ஆனையிறவிலிருந்து முன்னேறிய இராணுவம் முதலிற் பரந்தனையும் செப்ரெம்பரிற் கிளிநொச்சியையும் கைப்பற்றியது. 1998இல் கிளிநொச்சி விடுதலைப் புலிகளிடம் மீண்டபொழுதும் பரந்தன் இராணுவத்தின் முன்னரணாகவே நின்றது. 2000 ஏப்பிரலில் ஆனையிறவு வீழ்வதற்கு முன்னரே அதுவும் கைமாறிற்று. நான்கு ஆண்டுகள் ஓர் ஊர் முழுவதும் மண்ணரணாகவும் கண்ணிவெடி வயலாகவும் இருந்தது. வீதியின் இருமருங்கும் தலையிழந்து நின்ற பனைகளையும் தென்னைகளையும் 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டபொழுது பயணம் செய்த எவரும் மறந்திரார்.

2006 ஓகஸ்டிற் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 1ஆம் திகதி இராணுவம் பரந்தனைக் கைப்பற்றியது, மறுநாள் கிளிநொச்சி. பரந்தனிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வீதி அதன்பின் அடைந்த பொருள் வேறு. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். முன்னர் பஸ் நடத்துநரின் வாயில் ஒலித்த தரிப்பிடங்களின் வரிசை, அவ்வாண்டு மே மாதம் வரை இடம்பெயர்ந்தோரின் நடைவழியாயிற்று. எஞ்சியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வீதியின் வரலாற்றை முழுமையாக எழுதும் கடமை எமது பல்கலைக்கழகங்களுக்கு இன்னும் எஞ்சியுள்ளது.

மீள்குடியேற்றத்தின்போது முன்னே வந்து நின்றது மீண்டும் 1935ஆம் ஆண்டின் சட்டமே. அனுமதிப்பத்திரங்கள் அழிந்துபோயின. பத்திரத்திற் பெயருடையவர் இறந்தோ காணாமலோ போனார். கணவனை இழந்த பெண் காணியில் இருக்கலாம். ஆனால் அதனை மீளக் குடும்பத்தின் பெயரில் நிலைநாட்டுவது நெடுவழி. நியமனமற்ற காணியிற் பெண்மக்களைப் பின்தள்ளிய அட்டவணை 2022இலேயே திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் கடந்து வந்த திருத்தம் அது. முதற் குடியேற்றக்காரனின் பேர்த்தியே அதன் பயனை நாடவேண்டியவளாயுள்ளாள். மலையகத்திலிருந்து வந்தோரின் நிலை இதனினும் கடினம். அழிந்துபோக அவர்களிடம் பத்திரமே இருக்கவில்லை.

புறத்தோற்றத்தில் மீட்சி விரைவாகவே நிகழ்ந்தது. 2013இல் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சிற் பரந்தனூடாகப் பளைக்கும், அவ்வாண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டது. 2011இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டமை பூநகரி வீதிக்குப் புதிய பொருள் தந்தது. நெடுஞ்சாலை அகன்றது; வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் வந்தன. கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வரை கடைகளும் வீடுகளும் தொடர்ந்து நீள, இரு ஊர்களுக்கும் இடையே வெளி என்பது அருகி வருகின்றது. புறநகர் என்னும் சொல்லை இன்று பரந்தனுக்குத் தயங்காது வழங்கலாம்.

ஆயினும் அரசின் கணக்கில் இது நகருமன்று, புறநகருமன்று. மாநகரசபை, நகரசபை எல்லைகளுக்குள் வாழ்வோரையே இலங்கைக் குடிசன மதிப்பீடு நகர மக்களாகக் கொள்கின்றது. கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ளவை கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி என்னும் மூன்று பிரதேச சபைகளே. ஆகவே 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தில் நகரவாசி ஒருவரேனும் இல்லை. குரொய்டன் கேட்பது பட்டம். அதன் வடிகாலும் வீதிவிளக்கும் பட்டத்தை எதிர்பார்த்து நிற்பவையல்ல. பரந்தனிலோ பெயரோடு நிதியும் பிணைந்துள்ளது. வரியிறுப்போர் தொகை, ஆளணி, கழிவகற்றல், வடிகால் யாவும் கிராமத்துக்குரிய அளவையாற் கணிக்கப்பட, வளர்ச்சி நகரத்துக்குரிய வேகத்தில் நிகழ்கின்றது. மாரியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படும் நாட்களில் இவ்வளவை வேறுபாட்டின் விலையைத் தாழ்நிலத்து வீடுகள் செலுத்துகின்றன.

குரொய்டனைத் தேர்ந்தமைக்கு மற்றொரு காரணம் உண்டென்றோம். அவ்வூரிலுள்ள லூனார் ஹவுஸ் என்னும் மாடிக் கட்டடம் பிரித்தானியக் குடிவரவுப் பகுதியின் தலைமைக் காரியாலயங்களுள் ஒன்று. புகலிடம் கோரிச் சென்ற ஈழத்தமிழருட் பலர் விண்ணப்பத்தோடு அதன் வாசலில் வரிசையில் நின்றவர்கள். வன்னியின் சந்தியொன்றிற் காணியற்றுப்போன நாலாவது மகன், இலண்டனின் புறநகரொன்றிற் கடையொன்றின் பின்னறையில் வேலைசெய்து, வீடு வாங்கி, பரந்தனில் மதிலெழுப்பப் பணம் அனுப்பும் வாழ்வு எமது தலைமுறைக்குப் புதிதன்று. இரண்டு புறநகர்களின் வரலாறுகளும் அவ்வாறு ஒன்றில் ஒன்று முடிச்சிட்டுள்ளன. வன்னி வீதியோரங்களில் எழும் மாடிவீடுகளை அவ்வயலின் விளைச்சல் மட்டும் எழுப்பவில்லை.

நீரும் உப்பும் மீண்டும் விவாதப் பொருளாகியுள்ளன. இரணைமடு நீரை யாழ்ப்பாணக் குடிநீருக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பைப் பிரதேசவாதமென இகழ்ந்தோர் கடைமடையில் நின்று சிறுபோகம் செய்தறியாதவர்கள். இறுதியிற் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேடப்பட்டது. ஆனையிறவுக் கடனீரேரியையே நன்னீராக்கிக் குடாநாட்டுக்கு வழங்கலாம் என 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் முற்றுப்பெறாமலே கிடக்கின்றது. ஆனையிறவு உப்பளம் திருத்தப்பட்டு, 2025 மார்ச்சில் அங்கே மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவ்வுப்பு எப்பெயரில் விற்கப்படுவது என்பதே உடனடிச் சர்ச்சையாயிற்று. ஆனையிறவின் பெயர் பொதியில் இல்லையென்ற குரல், பரந்தனின் பெயர் கொழும்பு உருளையில் வாழ்ந்த கதையை அறிந்தோருக்கு வியப்பளிக்காது.

பழைய இரசாயனத் தொழிற்சாலையின் காணியைக் கைத்தொழில் வலயமாக்கும் திட்டங்கள் அண்மைய ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டுள்ளன. அங்கே எழும் ஆலைகள் யாருடைய நெல்லை, யாருடைய உப்பைக் கொள்ளும், யாரை நிரந்தரத் தொழிலாளராகப் பதியும், கழிவுநீரை எவ்வாய்க்காலில் விடும் என்பனவே முதலிற் கேட்கப்படவேண்டிய வினாக்கள். தருமபுரத்திலிருந்தும் முரசுமோட்டையிலிருந்தும் காலையில் சைக்கிளிற் சந்திக்கு வரும் நாட்கூலிகளுக்கும், அனுமதிப்பத்திரத்துக்காகப் பிரதேச செயலகப் படிகளில் ஏறியிறங்கும் பெண்களுக்கும், அவ்வலயத்தின் வரைபடம் இதுவரை காட்டப்பட்டதாகத் தெரியவில்லை.